இறவாமையைத் தேடிய இரு ஊர்கள்

இவ்வாண்டு மகாளய அமாவாசையன்று யமுனைக் கரையில் தர்ப்பணத்திற்கு அமர்ந்தேன். வழக்கமாக வரும் வாத்தியார் உடல் நலமின்றி ஊருக்குப் போயிருந்தார். எங்கள் முன்னோர் பெயர்களெல்லாம் அவரிடமிருந்த பழைய தாள் ஒன்றில் இருந்தன. அவருக்குப் பதிலாக வந்த இளைஞர், "தந்தையார் பெயர்? பாட்டனார்? அவருக்குத் தந்தை?" என்று வரிசையாகக் கேட்டார். முதல் இரண்டையும் சொன்னேன். மூன்றாவது நாவில் வரவில்லை. பெயர் அறியாதாரைக் குறிக்க ஒரு பொதுச் சொல் உண்டு. அதைச் சொல்லி அவர் மேலே நடத்திவிட்டார். சற்றுத் தள்ளி அமர்ந்திருந்த என் மகன் இதனைக் கவனித்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வீடு திரும்பும் வழியில், 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் நான் ருஷ்யாவில் கழித்த பன்னிரண்டு நாட்கள் நினைவுக்கு வந்தன. என் மூத்த மகள் அப்போது மாஸ்கோவில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்தாள். அவளைக் கண்டு வரச் சென்றவன், அவ்வூரில் வாழ்ந்த ஒரு நூலகரின் கதையில் அகப்பட்டுக்கொண்டேன். அக்கதையை நம் அன்பர்களுக்கு எழுதவேண்டும் என்று பலமுறை எண்ணியதுண்டு, சோம்பலால் நின்றுபோயிற்று. இப்போது எழுதுகிறேன்.

மாஸ்கோவில் கிரெம்ளின் மாளிகைக்கு எதிரே ஒரு சிறு குன்றின்மேல் வெண்ணிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பாஷ்கோவ் மாளிகை என்பது அதன் பெயர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ருமியான்த்ஸெவ் காட்சிசாலையும் அதன் நூலகமும் அங்கு இருந்தன. அந்நூலகமே பின்னர் 1925-இல் லெனின் நூலகமாயிற்று. 1992 முதல் ருஷ்ய அரசு நூலகம் என வழங்குகிறது. பாதாள ரயில் நிலையத்திற்கு மட்டும் இன்றும் லெனின் நூலகம் என்றே பெயர். புதிய கட்டடத்தின் வாயிலில் தாஸ்தயேவ்ஸ்கியின் சிலை, எவரோ வலுக்கட்டாயமாக உட்காரவைத்ததுபோல் சங்கடத்துடன் அமர்ந்திருக்கிறது.

இந்நூலகத்தில் 1874 முதல் 1898 வரை பணியாற்றியவர் நிக்கலாய் பியோதரோவ். காகாரின் என்னும் பிரபு வம்சத்தைச் சேர்ந்த ஒருவருக்கு, மணவுறவுக்குப் புறம்பே பிறந்த பிள்ளை. ஆகவே தந்தையின் குலப்பெயர் அவருக்குக் கிட்டவில்லை. இளமையில் பதினான்கு ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் சரித்திரமும் பூகோளமும் கற்பித்தார். நூலகத்தில் சேர்ந்தபின் அங்குள்ள புத்தகங்களின் உள்ளடக்கமெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள். சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, தேநீரும் ரொட்டியும் உண்டு, ஒரு மரப்பெட்டியின்மேல் படுத்துறங்கினார். தம்மைப் படம் பிடிக்க எவரையும் அனுமதித்ததில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் உருவம், ஓவியர் லியோனித் பாஸ்தர்நாக் நூலகத்தில் மறைவாக இருந்து தீட்டியது. டால்ஸ்டாய் அவரை நேரில் அறிந்து மதித்தவர். தாஸ்தயேவ்ஸ்கியோ, அவருடைய கருத்துக்களை வேறொருவர் வாயிலாகக் கேட்டு, அவை தம்முடையனவே போலிருப்பதாக 1878-இல் கடிதம் எழுதினார்.

அப்படி அவர் என்ன சொன்னார்? சுருங்கச் சொன்னால் இதுதான். மனிதகுலத்தின் முன் இருக்கும் ஒரே பொதுப்பணி, இறந்துபோன தந்தையர் அனைவரையும் மீண்டும் உயிர்ப்பிப்பது. கடவுள் செய்வார் என்று காத்திராமல், மக்கள் தம் அறிவாலும் உழைப்பாலும் செய்யவேண்டும். ஒரு தலைமுறை முந்திய தலைமுறையின் தோள்மீது ஏறி நின்றுகொண்டு, அதனை மறந்து, "முன்னேற்றம்" என்று கூறிக்கொள்வது அவருக்குப் பெருங் குற்றமாகத் தோன்றியது. படைகளுக்கும் ஆடம்பரத்துக்கும் செலவாகும் ஆற்றலையெல்லாம் மரணத்தை வெல்லத் திருப்பவேண்டும் என்றார். தந்தையரின் துகள்கள் எங்குச் சிதறிக் கிடந்தாலும், வானவெளியின் கோடியில் கிடந்தாலும், அவற்றைத் தேடிச் சேர்க்கவேண்டும் என்றார்.

இங்குதான் விண்வெளி கதைக்குள் நுழைகிறது. ஆதிமுதல் இறந்தோர் அனைவரும் எழுந்து வந்துவிட்டால் அவர்களுக்கு இடம் எங்கே? பூமி போதாது. ஆகவே மற்றக் கோளங்களில் குடியேறியே ஆகவேண்டும். சந்திரனுக்குப் போவதைப் பலர் வீரச்செயலாகவும், வேடிக்கையாகவும், யுத்த தந்திரமாகவும் எண்ணியதுண்டு. வந்து சேரப்போகும் பாட்டன் பாட்டிகளுக்கு வீடு பார்க்கும் காரியமாக அதனை எண்ணியவர் இவர் ஒருவரே என்று நினைக்கிறேன்.

முதன்முறை இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்ததென்பதை மறைக்கவில்லை. என் மகளோ சிரிக்கவில்லை. "அப்பா, வடலூரில் என்ன சொன்னார்கள்? அதைக் கேட்டு நாம் சிரிப்பதில்லையே" என்றாள். அவள் சொன்னது உண்மை. மரணமிலாப் பெருவாழ்வு பேசிய இராமலிங்க அடிகள், இறந்தோரைச் சுட்டெரிக்காமல் சமாதியில் வைக்குமாறு 1871-இல் தம் அன்பர்களுக்கு அறிவித்தார். அவர்கள் மீண்டும் எழுப்பப்படுவர் என்பது அவர் கருத்து. அடிகள் மேட்டுக்குப்பத்து அறையினுள் சென்று கதவை அடைத்துக்கொண்டதும் 1874. பியோதரோவ் மாஸ்கோ நூலகத்தில் சேர்ந்ததும் 1874. இருவருக்கும் ஒருவரைப்பற்றி ஒருவர் தெரிந்திருக்க வழியே இல்லை. வழிகளும் வேறு: அங்கே அருள், இங்கே விஞ்ஞானம். எனினும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் வேறு. என் தந்தையார் 2016-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஊரில் காலமானார். நான் மூத்த மகன். தில்லியில் செய்தி கிடைத்தபோது விடியற்காலை. விமானம் பிடித்து, திருச்சியிலிருந்து வாடகைக் காரில் விரைந்தும், நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. கோடைபோல் வெயில்; உடலை வைத்திருக்க முடியவில்லை. தம்பி கொள்ளி வைத்துவிட்டான். எவரும் என்னைக் குறை சொல்லவில்லை. மறுநாள் அஸ்தியைக் காவிரியில் கரைக்கும்போது, முகத்தைப் பார்க்காமலே கரைக்கிறோமே என்ற ஒன்றைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியூரில் முப்பது ஆண்டுகள் பிழைத்தவர்களுள் பலருக்கு இவ்வனுபவம் உண்டு. நாம் இதைப்பற்றி அதிகம் பேசிக்கொள்வதில்லை.

மறுநாள் செஞ்சதுக்கத்திற்குச் சென்றோம். லெனின் 1924 ஜனவரியில் மறைந்தார். அவர் உடலைக் கெடாமல் காக்கும் ஏற்பாட்டில் முன்னின்றவர்களுள் ஒருவர் லியோனித் கிராஸின் என்னும் எஞ்சினீயர். மூன்றாண்டுகளுக்கு முன்னரே, ஒரு நண்பரின் சவ அடக்கத்தில் பேசுகையில், விஞ்ஞானம் ஒருநாள் மாபெரும் மனிதர்களை மீண்டும் உயிர்ப்பிக்கும் என்று அவர் கூறியிருந்தார். முதலில் மரத்தாலான மண்டபம். இன்று நிற்கும் கருஞ்சிவப்புக் கல்மண்டபம் ஷூஸெவ் என்னும் சிற்பியின் திட்டப்படி 1930-இல் முடிந்தது. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றோம். உள்ளே நிற்கக் கூடாது, பேசக் கூடாது, தொப்பியைக் கழற்றவேண்டும். இருண்ட படிகளில் இறங்கி, விளக்கொளியில் கிடக்கும் அவ்வுருவைச் சுற்றி வெளியே வர இரண்டு நிமிஷமும் ஆகவில்லை. மருத்துவ மாணவியான என் மகள் பதப்படுத்தும் முறையைப்பற்றி விவரித்துக்கொண்டே வந்தாள். எனக்கோ, பியோதரோவ் கேட்டது எல்லோருக்கும் உயிர். கிடைத்ததோ ஒருவருக்கு மட்டும் கண்ணாடிப் பேழை என்று பட்டது. உடல் இருந்தும் ஆள் இல்லாத அவ்விடத்தில் எனக்குப் பக்தியும் தோன்றவில்லை, அருவருப்பும் தோன்றவில்லை. குளிர் மட்டும் தெரிந்தது.

புரட்சிக்குப் பின்வந்த ஆண்டுகளில் இவ்வெண்ணம் பல மூளைகளில் பற்றி எரிந்திருக்கிறது. மரணமின்மையும் கோளங்களுக்கிடையே சஞ்சரிக்கும் சுதந்திரமும் மனிதனின் உரிமைகள் என்று 1920-களின் தொடக்கத்தில் ஒரு சிறு கூட்டத்தார் பிரகடனம் செய்தனர். அலெக்ஸாந்தர் போக்தானவ் என்பவர் 1908-இலேயே செவ்வாய்க் கிரகத்து மக்களைப்பற்றி நாவல் எழுதியவர்; மருத்துவர். இளைஞரும் முதியவரும் இரத்தத்தை மாற்றிக்கொண்டால் முதுமை விலகும் என்று நம்பி, 1926-இல் இரத்தம் செலுத்தும் ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் நிறுவினார். நோயுற்ற மாணவர் ஒருவருடன் இரத்தத்தை மாற்றிக்கொண்ட சோதனையில் 1928-இல் அவரே மாண்டார், மாணவர் பிழைத்துக்கொண்டார்.

ஓவியர்களையும் இக்கருத்து விட்டுவைக்கவில்லை. வஸீலி செக்ரிகின் என்னும் இளைஞர் பியோதரோவின் நூலைப் படித்து, இறந்தோர் எழுந்து வரும் காட்சியைப் பிரமாண்டமான சுவரோவியமாகத் தீட்டத் திட்டமிட்டார். சுவர் கிடைக்கவில்லை. கரிக்கட்டியால் நூற்றுக்கணக்கான முன்வரைபடங்களை மட்டும் வரைந்தார். 1922-இல், இருபத்தைந்து வயதில், ரயிலில் அடிபட்டு இறந்தார். அச்சித்திரங்களின் பிரதிகளை ஒரு புத்தகத்தில் கண்டேன். இருளிலிருந்து உடல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலேறுகின்றன. முகங்கள் தெளிவாக இல்லை. யார் தந்தை, யார் மகன் என்று பிரித்தறிய முடியாத அந்தக் கூட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதுகாறும் இப்பிரயாணத்தில் கண்ட கலைப்பொருள்களுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது அதுவே.

மாஸ்கோவில் விண்வெளி வீரர்களுக்கென எழுப்பிய நினைவுச் சின்னம் 107 மீட்டர் உயரமுள்ளது. டைட்டேனியத் தகடு போர்த்த புகைத்தாரையின் உச்சியில் ஒரு ராக்கெட். 1964-இல் நாட்டினார்கள். அதன் அடியில் 1981 முதல் ஒரு காட்சிசாலை இருக்கிறது. 1960-இல் விண்ணுக்குச் சென்று உயிருடன் திரும்பிய பெல்கா, ஸ்திரெல்கா என்னும் நாய்களைப் பாடம் செய்து அங்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் கூட்டம் அங்குதான் அதிகம். சின்னத்தின் முன்புறம் வானை நோக்கி அமர்ந்திருக்கும் முதியவரின் சிலை கான்ஸ்தந்தீன் ஸியோல்கோவ்ஸ்கியினுடையது. அவர் ஊரைக் காண மறுநாள் காலை கீவ் ரயில் நிலையத்தில் வண்டியேறினோம்.

கலூகா மாஸ்கோவுக்குத் தென்மேற்கே உள்ளது. ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். பூர்ஜ மரக்காடுகள் மஞ்சளேறத் தொடங்கியிருந்தன. வழியெல்லாம் சிறுசிறு தோட்டங்களில் முதிய பெண்கள் குனிந்து உருளைக்கிழங்கு பறித்துக்கொண்டிருந்தார்கள். எதிரிலிருந்த கிழவர் எங்களுக்கு ஆப்பிள் கொடுத்தார். நாங்கள் முறுக்குக் கொடுத்தோம். கடித்துப் பார்த்து, பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

ஸியோல்கோவ்ஸ்கி பத்து வயதளவில் செங்காய்ச்சலால் செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். பள்ளிப் படிப்பு நின்றது. பதினாறு வயதில் தந்தை அவரை மாஸ்கோவுக்கு அனுப்பினார். 1873 முதல் 1876 வரை கறுப்பு ரொட்டி தின்று, மிச்சக் காசில் புத்தகமும் ரசாயனப் பொருள்களும் வாங்கி, நாள் முழுதும் நூலகத்தில் இருந்தார். அங்கே அவருக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் பியோதரோவ். தடைசெய்யப்பட்ட நூல்களையும் அவர் கொடுத்ததாக ஸியோல்கோவ்ஸ்கி நினைவு கூர்ந்திருக்கிறார். கல்லூரி காணாத அச்செவிட்டுப் பையனுக்கு அந்நூலகமே சர்வகலாசாலை. பின்னர் போரோவ்ஸ்க் என்னும் சிற்றூரிலும், 1892 முதல் கலூகாவிலும் பள்ளி ஆசிரியராக இருந்தார். ராக்கெட் எவ்வளவு வேகம் பெறும் என்பதை எரிபொருளின் அளவைக்கொண்டு கணக்கிடும் சூத்திரத்தை 1903-இல் வெளியிட்டார். பியோதரோவ் காலமானதும் அவ்வாண்டின் கடைசியில்தான்.

ஓக்கா நதியை நோக்கிச் சரியும் தெருவின் கோடியில் அவர் வீடு இருக்கிறது. 1904 முதல் 1933 வரை அதில் வாழ்ந்தார். மறைந்த மறு ஆண்டே, 1936-இல், அதைக் காட்சிசாலையாக்கினார்கள். சிறிய மரவீடு. 1908-இல் நதி பெருகி வீட்டினுள் புகுந்தபின் மேல்தளம் எழுப்பினாராம். அங்கே அவர் எழுதிய மேஜை, தகரத்தால் தாமே செய்துகொண்ட நீண்ட காதுக்குழல்கள், பட்டறையில் கடைசல் இயந்திரம், மடிப்புத் தகட்டாலான ஆகாயக் கப்பல் மாதிரிகள், ஒரு சைக்கிள். மேல்தளத்திலிருந்து கூரைக்குத் திறக்கும் கதவு ஒன்றுண்டு. அதனை விண்வெளிக்குச் செல்லும் கதவு என்று வேடிக்கையாகச் சொல்வார்களாம். திறந்தால் எதிர்வீட்டுக் கூரையும் ஆற்றங்கரை மரங்களும் தெரிகின்றன.

அவருடைய நம்பிக்கை பியோதரோவினுடையதிலிருந்து வேறானது. அணு ஒவ்வொன்றுக்கும் உணர்ச்சி உண்டு, அது அழிவதில்லை, ஓருடலை விட்டு மற்றோருடலில் புகுகிறது, ஆதலின் மரணம் என்பதே தோற்றம் என்றார். இவ்வளவு உறுதியாகச் சொன்னவரின் புதல்வர்களுள் இருவர், 1902-இலும் 1923-இலும், தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பதைச் சுவரிலிருந்த குடும்பப் படத்தின்முன் நின்று மகள் சொன்னாள். அதன்பின் அவருடைய தத்துவத்தை வாதத்திற்குரிய பொருளாக என்னால் கருத முடியவில்லை.

ஒவ்வொரு அறையிலும் ஒரு முதிய மாது நாற்காலியில் அமர்ந்து காவல் காக்கிறார். ருஷ்யக் காட்சிசாலைகளில் எங்கும் இதுவே வழக்கம். காதுக்குழல் அறையிலிருந்த அம்மையார் நாங்கள் எந்நாட்டினர் என்று கேட்டார். இந்தியா என்றதும், தந்தையார் இருக்கிறாரா என்று என்னைச் சுட்டி மகளிடம் வினவினார். அவள் இல்லை என்றாள். எங்கே அடக்கம் செய்தீர்கள் என்பது அடுத்த வினா. எரித்து ஆற்றில் கரைப்பது எங்கள் வழக்கம் என்று விளக்கினோம். அந்த அம்மையார் சற்று யோசித்து, "அப்படியானால் போய்ப் பார்க்க இடம் இல்லையே" என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். நதி இருக்கிறது என்று மகள் பதிலளித்தாள். எனக்குத் தெரிந்து அவள் காவிரியை ஐந்தாறு முறைக்குமேல் பார்த்ததில்லை.

சற்றுத் தொலைவில் மேட்டின்மேல் பெரிய விண்வெளிக் காட்சிசாலை. 1961 ஜூன் மாதம், விண்ணிலிருந்து மீண்டு இரண்டே மாதமான யூரி காகாரின் அதற்கு அடிக்கல் நாட்டினார், 1967-இல் திறந்தார்கள். வெளியே வஸ்தோக் ராக்கெட் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. பியோதரோவின் தந்தையும் காகாரின், முதல் விண்வெளி வீரரும் காகாரின். இருவருக்கும் உறவில்லை, வெறும் தற்செயல். இன்னொரு தற்செயலும் உண்டு. பியோதரோவ் தம் எழுத்தை விற்பது தகாது என்று எண்ணியவர். அவர் மறைந்தபின் அன்பர்கள் இருவர் தொகுத்த முதற் பாகம் 1906-இல் வேர்னி என்னும் ஊரில் 480 பிரதிகள் அச்சாயிற்று. விற்பனைக்கல்ல, கேட்பவர்க்கு இலவசம். வேர்னி என்பது இன்றைய அல்மாத்தி. காகாரின் விண்ணேறிய பைக்கனூரும் அதே கஸாக் நாட்டில்தான் இருக்கிறது.

அன்றிரவு மாணவர் விடுதியில் மகளின் மடிக்கணினியில் படங்கள் பார்த்தோம். முதலாவது, வஸீலி ஜுராவ்லியோவ் இயக்கி 1936-இல் வெளியான 'விண்வெளிப் பயணம்' என்னும் பேசாப்படம். ஸியோல்கோவ்ஸ்கியே இதற்கு ஆலோசகர். எடையின்மையை எப்படிக் காட்டவேண்டும் என்று படம்படமாக வரைந்து கொடுத்தார். படம் வெளிவரும்முன் 1935 செப்டம்பரில் காலமாகிவிட்டார். கிழ விஞ்ஞானி ஒருவர், ஓர் இளம்பெண், ஒரு சிறுவன் மூவரும் சந்திரனுக்குப் போகிறார்கள். சந்திரத் தரையில் பொம்மைகளை அசைத்து எடுத்த துள்ளல்களைக் கண்டு நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆனால் உண்மையில் மனிதர் அங்கு நடந்த காட்சியும் ஏறத்தாழ அப்படித்தானே இருந்தது!

அடுத்து, நியூயார்க்கில் வாழும் மாஸ்கோவில் பிறந்த ஓவியர் ஆன்டன் விடோக்லெ, 2014 முதல் 2017-க்குள் எடுத்த மூன்று படங்கள். ஒவ்வொன்றும் அரைமணி நேரம் ஓடும். கதை கிடையாது. ஒரு குரல் பியோதரோவ் முதலானோரின் கருத்துக்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. வயல்களும் கல்லறைகளும் பாழடைந்த கட்டடங்களும் வந்து போகின்றன. இரண்டாவது படத்தின் நாயகர் அலெக்ஸாந்தர் சிஷெவ்ஸ்கி. சூரியனின் கரும்புள்ளிகள் மிகும் காலத்தில் மண்ணில் கலகங்களும் புரட்சிகளும் மிகுகின்றன என்று 1924-இல் கலூகாவிலிருந்து நூல் வெளியிட்டவர்; ஸியோல்கோவ்ஸ்கியின் இளைய நண்பர். 1942-இல் கைதாகி எட்டாண்டு முகாம்களில் வாடி, பின்னர் கஸாக் நாட்டுக் கரகந்தாவில் காலங்கழித்தார். ஆகவே அப்படத்தை அந்நாட்டிலேயே எடுத்திருக்கிறார்கள். இவ்விரண்டும் எனக்குப் பொறுமையைச் சோதித்தன என்றே சொல்லவேண்டும். குரல் தூக்கத்தைத் தருவது.

மூன்றாவது படம் வேறு. 'அனைவர்க்கும் மரணமின்மையும் உயிர்த்தெழுதலும்' என்பது அதன் பெயர். மாஸ்கோவின் காட்சிசாலைகளிலும் லெனின் நூலகத்திலும் எடுத்தது. பாடம் செய்த விலங்குகளிடையே மனிதர் அசையாமல் நிற்கின்றனர். காட்சிசாலை என்பது கழித்த பொருள்களைக் குவிக்கும் கிடங்கு அன்று. இறந்தோர் விட்டுச்சென்ற துணுக்குகளை, அவர்களைத் திரும்ப அழைப்பதற்காகக் காத்துவைக்கும் ஆலயம் என்பது பியோதரோவின் கொள்கை. எந்தத் தாளும், எவ்வளவு சிறிய பொருளும், வீணல்ல. இதைக் கேட்டபோது, ஊரில் தந்தையாரின் அலமாரியைத் தம்பி காலி செய்யப்போவதாகச் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. அதில் ரசீதுகள், பழைய பஞ்சாங்கங்கள், நான் தில்லியிலிருந்து எழுதிய கடிதங்கள். "உனக்கு ஏதாவது வேண்டுமா அண்ணா?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். நள்ளிரவென்றும் பாராமல் எழுந்து அவனுக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "சென்ற மாதமே போட்டுவிட்டோம் அண்ணா. பூட்ஸும் கண்ணாடியும் இருக்கிறது."

தர்க்கோவ்ஸ்கியின் 'சொலாரிஸ்' படத்தை (1972) மகள் வற்புறுத்தியதால் கடைசி நாள் பார்த்தேன். ஒரு விஞ்ஞானி தொலைதூரக் கோளத்திற்குப் புறப்படுகிறான். அவன் திரும்பும்போது தந்தை உயிருடன் இரார் என்பது இருவருக்கும் தெரியும்; ஆயினும் பிரியுமுன் மனத்தாங்கலே மிஞ்சுகிறது. கோளத்தை மூடிய கடல், பத்தாண்டுகளுக்குமுன் தற்கொலை செய்துகொண்ட அவன் மனைவியை உருவாக்கி அனுப்புகிறது. அவள் அவளேதானா? இறந்தவரைத் திரும்பப் பெற்றால் என்ன செய்வோம் என்ற, பியோதரோவ் அதிகம் கேட்காத கேள்வியை இப்படம் கேட்கிறது. முடிவில் அவன் தன் தந்தையின் வீட்டு வாசலில் மண்டியிட்டு அவர் கால்களைப் பற்றிக்கொள்கிறான். பிறகு காமிரா மேலே மேலே போகிறது. அவ்வீடும் தோட்டமும் அக்கடலில் மிதக்கும் ஒரு தீவு என்று தெரிகிறது. படம் முடிந்ததும் மகள் விளக்கைப் போடவில்லை. நானும் போடச் சொல்லவில்லை.

விமானமேறுமுன் ஓரிடம் மிஞ்சியிருந்தது. பியோதரோவை ஒரு கன்னிமாடத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருந்தார்கள். சோவியத் ஆட்சியில் அதனைத் தரைமட்டமாக்கிச் சிறுவர் பூங்காவாக்கினர். நோவஸ்லோபோத்ஸ்காயா தெருவில் அப்பூங்கா இருக்கிறது. மகள் ஒரு கொத்துப் பூ வாங்கினாள். ருஷ்ய வழக்கப்படி, இறந்தவர்க்கு இரட்டைப்படை எண்ணிக்கையில். உள்ளே ஊஞ்சல்கள், சறுக்குமரம், கம்பளிக் குல்லாய் அணிந்த குழந்தைகள், பெஞ்சுகளில் பாட்டிமார். எந்த இடம் என்று காட்ட எவரும் இல்லை, அடையாளமும் இல்லை. கல்லறைகளைக் கேளிக்கைத் தோட்டமாக்கும் காலம் என்று மனம் நொந்து எழுதியவரின் கல்லறை அது. பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு மரத்தடியில் வைத்தோம். ஒரு சிறுமி ஓடிவந்து அதை எடுத்துப் பார்த்துவிட்டு, தன் பாட்டி அதட்டவே, மறுபடியும் வைத்துவிட்டுப் போனாள்.

இவையெல்லாம் நடந்து ஆண்டுகள் சென்றுவிட்டன. மகள் படிப்பை முடித்துத் தில்லிக்கே வந்துவிட்டாள். தர்ப்பணத்தன்று மாலை, ஊரிலிருக்கும் என் அத்தையைத் தொலைபேசியில் அழைத்தேன். வயது எண்பத்தேழு. முப்பாட்டனார் பெயரை உடனே சொன்னார். அவருடைய தந்தை, தமையன்மார் பெயர்களையும், எவர் எந்த ஊரில் பெண் எடுத்தார் என்பதையும் சொன்னார். மகன் அருகிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அவனுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் வரும், ஆகவே அத்தை இரண்டிரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. முப்பாட்டியின் பெயர் என்ன என்று அவன் கேட்டான். அத்தை சற்றுத் தயங்கி, "ஆத்துக்கு அக்கரையிலேயிருந்து வந்தவள்; அக்கரைப் பாட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பெயர் தெரியாதடா கண்ணா" என்றார். பிறகு, அக்கரையில் அவள் பிறந்த வீட்டார் இன்னும் இருப்பதாகவும், நேரில் வந்தால் அழைத்துப் போவதாகவும் சொன்னார்.

பொங்கலுக்கு ஜி. டி. எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறோம்.